படி துடைத்தவள்

றோசமலருக்குப் பொய் வராது. வந்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். பலெர்மோ நகரில், சீசா என்கிற பகுதியில் இருக்கிற எந்தத் தமிழரைக் கேட்டாலும் அவள் சொன்னது நடந்ததுதான் என்பார்கள். பேயைப் பார்த்தேன் என்று சொல்ல அவள் கூசவில்லை. மற்றதைச் சொல்லத்தான் கூசினாள்.

இத்தாலிக்கு வந்த நாள் முதல் அவளுக்குப் அந்நகரின் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில், இத்தாலிய எசமானி வீட்டில், துப்புரவு வேலை. அந்த அம்மா அலுமாரியின் மேல் விரலை இழுப்பாள். விரல்நுனியைப் பார்ப்பாள். "அங்கோரா" என்பாள். இன்னொரு முறை துடை என்று அர்த்தம். தூசி இருந்தாலும் அதேதான், இல்லாவிட்டாலும் அதேதான்.

இந்த வருடம் மகள் தர்சனா வேலைக்குப் போகத் தொடங்கினாள். தாயையும் தகப்பன் வலன்ரைனையும் ஸ்பெயினுக்குக் கூட்டிப்போனாள். மலைச்சரிவில் ஒரு கிராமம், எல்லா வீட்டுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு. பக்கத்தில் காட்டுச் சரணாலயம். வாடகைக்கு எடுத்த வீட்டில் மாடிக்குக் கற்படி. பிறத்தியார் வீட்டைக் கழுவியே காலம் போனவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் தகப்பனும் மகளும் காட்டுக்குள் நடக்கப் போனார்கள். முழங்கால் நோகுது என்று இவள் நின்றுவிட்டாள். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? உச்சிப்பொழுது போதும். ஊரே சன்னலைச் சாத்திக்கொண்டு உறங்கியது. வெள்ளைச் சுவர்களில் பட்ட வெயில் கண்ணைக் குத்தியது.

சளக்... சளக்...

படியில் ஒரு பெண் குந்தியிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். மாநிறம். கறுத்த உடுப்பு. பக்கத்தில் வாளி. வீட்டுக்காரி அனுப்பிய ஆள், சாவி வைத்திருப்பாள் என்று நினைத்தாள் றோசமலர். தாழ்ப்பாள் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். இவள் பட்டப்பகலில் பிடித்தாள். ஒரு நாளாவது சிஞ்ஞோராவாக இருந்து பார்த்தால் என்ன? படியின் கைப்பிடியில் விரலை இழுத்தாள். விரல்நுனியைப் பார்த்தாள். தூசி இல்லை.

"அங்கோரா," என்றாள்.

அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் மேலே போனாள். மேல்படியிலிருந்து துடைத்தாள். அடிப்படிக்கு வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

போதும் என்று றோசமலர் கையைக் காட்டினாள். அந்தப் பெண் மறுபடியும் மேலே போனாள்.

சளக்... சளக்...

தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. படி நனையவில்லை. றோசமலர் குனிந்து கல்லைத் தொட்டாள். காய்ந்து கிடந்தது...

அப்போதுதான் கதவைப் பார்த்தாள்.

தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

"மாதாவே..."

மேலே வாளி சரிந்தது. கடகடவென்று உருண்டு வந்தது. அதன் பின்னால், கனமாக, ஏதோ...

தொம்.

காலடியில் யாரும் இல்லை.

வாளியும் இல்லை.

காட்டுக்குப் போன இருவரும் வந்தபோது அவள் தெருவில், கொதிக்கிற வெயிலில் குந்தியிருந்தாள். பேயைப் பற்றிச் சொன்னாள். தான் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டாள். பெற்ற பிள்ளைக்கு முன்னால் எந்த முகத்தோடு சொல்வது?

பலெர்மோ திரும்பிய பிறகு தர்சனா வீட்டுக்காரிக்கு மெசேஜ் போட்டு விசாரித்தாள். இப்போது வேலைக்கு ஆள் இல்லை என்று பதில் வந்தது. முன்பு ஒருத்தி இருந்தாளாம், எங்கிருந்தோ வந்த வெளிநாட்டுக்காரி. தங்க வந்தவர்கள் படி சரியில்லை என்று அவளைத் திரும்பத் துடைக்க அனுப்பினார்களாம். ஈரக் கல்லில் சறுக்கி விழுந்து, அந்த இடத்திலேயே செத்துப்போனாளாம்.

மகள் வாசித்து முடிக்குமுன்பே றோசமலர் அழத் தொடங்கிவிட்டாள். "நானும் அப்பிடித்தான் சொன்னனான் பிள்ளை. செத்தவளைத் திருப்பி மேலை ஏத்தி விட்டனான்." வலன்ரைன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவன் ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

செத்தவளின் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று தாயும் மகளும் மாதா கோயிலுக்குப் போனார்கள். பூசையில் வாசிப்பதற்குப் பங்குச் சுவாமி செத்தவளின் பெயரைக் கேட்டார். றோசமலர் மகள் பக்கம் திரும்பினாள். தர்சனா நின்ற நிலையிலேயே வீட்டுக்காரிக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது. தாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பேர் தெரியாதாம் அம்மா. எத்தினையோ வரியமா வேலை செய்தவவாம்... ஒருத்தரும் கேக்கேல்லையாம்."

"நானும் கேக்கேல்லை, சுவாமி," என்றாள் றோசமலர்.