பச்சை இலை ஒட்டாத ரேக்

பரிசுப் பொருள் விற்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: வாங்க வருகிறவர் தனக்காக வாங்குவதில்லை, யாருக்காக வாங்குகிறாரோ அவர் கடைக்கு வருவதில்லை. நடுவில் நின்று இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறவள் நான். கல்ஃபில் சேல்ஸில் நின்று கால் வீங்கிய புண்ணியவான்களே, உங்களுக்கு இது புரியும். புரியாதவர்கள் ஒரு பெருநாள் சீசனில் ஒரே ஒரு நாள் என் இடத்தில் வந்து நின்று பாருங்கள்.

ரேக் வந்த கதை

ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பெரிய கடை. அதில் கிஃப்ட் செக்‌ஷன் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். சாயப்பட்டறைத் தண்ணீர் எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் இறங்கி, அப்பாவின் வெள்ளை வேட்டி துவைத்துக் காயப்போட்டால் ரோஸ் கலரில் ஆடும். அதிலிருந்து எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும், இது யார் செய்தது, எங்கே செய்தது, அவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. சப்ளையர்கள் என்னைக் கண்டாலே செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த வருடம் ரம்ஜான் பெருநாளும் தீபாவளியும் ஒரே வாரத்தில் வந்தன. மேனேஜர் தாமஸ் சாரை நச்சரித்து, வாசலுக்கு நேராக ஒரே ஒரு ரேக் வாங்கினேன். என் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர்களின் சரக்கு மட்டும்தான் அதில் இருக்கும். ஃபுஜைரா மலைப்பக்கத்துப் பெண்கள் பேரீச்ச ஓலையில் பின்னிய கூடை, ஆலப்புழையில் ஒரு மகளிர் குழு செய்த கயிற்றுப் பொம்மை, மண் சாம்பிராணித் தட்டு, சணல் பை, இப்படி. தாமஸ் சார் கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷர்தான், ஆனால் வாசல் இடம் என்றால் அவருக்கு உயிர். ரேக்கைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிறிஸ்துமஸ் மரம் வரும்போ இது காலியா இருக்கணும் செல்வி. இல்லெங்கில் மரம் இவிடெ, நீ கோடவுனிலே."

ஓலைக் கூடை

முதல் கூடையை விற்றுவிடுவேன் என்று நான் நம்பிய ஆள் ஒரு ராமநாதபுரத்து அண்ணன். டிரைவர். மூன்று வருடம் கழித்து லீவில் போகிறார். டார்ச் லைட், கம்பளி, சென்ட் எல்லாம் எடுத்து முடித்து, மனைவிக்கு ஏதாவது வித்தியாசமாக வேண்டும் என்று நின்றார். கூடையை எடுத்து நீட்டி, இந்த நாட்டுப் பெண்கள் கையால் பின்னியது, பிளாஸ்டிக் கிடையாது, உழைக்கும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவரும் மரியாதையாகக் கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

பிறகு கூடையை இருந்த இடத்திலேயே பதமாக வைத்தார். "தங்கச்சி, எங்கூருல எங்கிட்டுத் திரும்புனாலும் ஓலதேன். இங்கயிருந்து இதத் தூக்கிக்கிட்டுப் போயி எறங்குனேன்னு வையி, என்னப்பா, வேல போயிருச்சான்னு கேப்பாக."

சணல் பைக்குக் காய்ச்சல் வருமா

ஒரு சென்னை மேடம், கணவர் துபாயில் பெரிய ஆபீஸில். பூமியைக் காப்பாற்றியே தீருவது என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம், பெண் குழந்தை வீட்டில் போராட்டம். அதனால் டீச்சர்களுக்கெல்லாம் சணல் பை. எனக்கு வாயெல்லாம் பல். பில் போட்டதும் ஒவ்வொரு பையையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் கவரில் போடச் சொன்னார். அதன்மேல் பளபள பேப்பர், அதன்மேல் ரிப்பன், எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு பெரிய கவர். ஏன் மேடம் இத்தனை என்று கேட்டேன். என்னை ஒன்றும் தெரியாதவளாகப் பார்த்தார்: "இயற்கைப் பொருள் இல்லையா, சீக்கிரம் அழுக்காயிடும்ல?"

தைத்தவளுக்கே சட்டை

ஒரு வெள்ளிக்கிழமை பெருமாநல்லூர்க்காரர் ஒருவர் வந்தார். பேச்சிலேயே நம்ம பக்கம் என்று தெரிந்துவிட்டது. ஐரோப்பாக் கம்பெனி பெயர் போட்ட பெண்கள் டீ-சர்ட் ஒன்றைத் தங்கைக்கு என்று எடுத்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? காலரைத் திருப்பி லேபிளைக் காட்டினேன். "ஏனுங்ண்ணா, இது நம்மூர்ல தெச்சதுங்க. தையலைப் பாத்தாலே தெரியுது. இதை மறுபடி அங்கயே கொண்டுபோறீங்களே, இங்க பாருங்க, கயிற்றுப் பொம்மை இருக்குதுங்க" என்று என் ரேக்குப் பக்கம் இழுத்தேன்.

அவர் அசையவில்லை. சட்டையை நான்காக மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "தெரியுமுங்க. என்ற தங்கச்சி இதேதான் தைக்குது. சாயங்காலம் கேட்டுல பையத் தடவிப் பாத்துத்தான் வெளிய உடறாங்க. ஒண்ணையாச்சும் தலை நிமிந்து போட்டுட்டுப் போகட்டுமுங்க, அந்தக் கேட்டு வழியாவே."

அந்தச் சட்டைக்கு நானே பில் போட்டேன், நானே கவரில் போட்டேன். நியாயமான சரக்கு எது என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவதை அன்று ஒரு நாளைக்கு நிறுத்தி வைத்தேன். "வாங்குன சாமான எல்லாம் விசாரிக்கறீங்க, நல்லதுங்க" என்று போகும்போது அவரே சமாதானம் சொன்னார், "விடாம கேளுங்க."

ஸ்டிக்கர் வந்தது

என் ரேக் விற்கிறதோ இல்லையோ, பேச்சு மட்டும் கிளம்பிவிட்டது. "இங்கே இயற்கைச் சாமான் உண்டாமே" என்று ஆட்கள் கேட்டுக்கொண்டு வந்தார்கள். தாமஸ் சாருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஒரு வாரத்தில், டை கட்டிய ஏஜென்ட் தம்பி ஒருவன் ஒரு ரோல் ஸ்டிக்கரோடு வந்து நின்றான். பச்சை இலை, கீழே 'பூமிக்கு நல்லது' என்று இங்கிலீஷிலும் அரபியிலும். பிளாஸ்டிக் பூ, பிளாஸ்டிக் போட்டோ ஃபிரேம், பேட்டரியில் கத்துகிற குருவி, எல்லாவற்றிலும் ஒட்ட வேண்டுமாம். ஒட்ட வேண்டியவள் நான்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். "மாட்டேனுங் சார். பொய்யை நாக்குல சொல்றதே பாவம், பசை தடவி வேற சொல்லணுமா?" என்றேன். தாமஸ் சார் முகம் சிவந்து மரத்தையும் கோடவுனையும் ஞாபகப்படுத்தினார். நான் ஏஜென்ட் பக்கம் திரும்பி, இந்தக் குருவி பூமிக்கு நல்லது என்று யார் தம்பி சொன்னது என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை: "ஸ்டிக்கர்தான் மேடம் சொல்லுது."

ரஹீம் பாய் ஒட்டினார்

வேலை பேக்கிங்கில் இருந்த ரஹீம் பாயிடம் போனது. லாகூர் பக்கத்து மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். நீங்களும் ஒட்டாதீங்க பாய் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் மல்லுக்கு நின்றேன். "பெஹன், நீ உன் வீட்டுக்காரர் விசாவில் இருக்கிறாய். தைரியமாகப் பேசலாம். நான் கம்பெனி விசா, வேலை போனால் ஊருக்கே ஏற்றிவிடுவார்கள்" என்றார். அதில் நியாயம் இருந்தது.

மறுநாள் கடை திறந்ததும் கரப்பான் மருந்து டப்பாவில் பச்சை இலை. எலி பிடிக்கிற கோந்து அட்டையில் பச்சை இலை. டாய்லெட் கழுவுகிற ஆசிட், சிகரெட் லைட்டர், தாமஸ் சாரின் நாற்காலி முதுகு, எல்லாம் பூமிக்கு நல்லது. ஒரு எகிப்துக்கார அம்மா எலிக் கோந்தைத் தூக்கிக்கொண்டு வந்து இது என்ன என்று சத்தம் போட, கூட்டம் கூடிவிட்டது. தாமஸ் சார் ஓடி வந்தார். பூவும் ஃபிரேமும் குருவியும் தவிர எல்லாவற்றையும் சுரண்டு, இப்பவே சுரண்டு என்று கத்தினார். ரஹீம் பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி நின்றார்: "சார், நீங்கள்தான் எல்லாவற்றிலும் ஒட்டு என்றீர்கள். நான் எதையும் விடவில்லை."

நிழல்

மரம் வர இருந்த வாரம். ரேக்கில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கட்டட வேலை செய்கிற ஒருவர் வந்தார், புதுக்கோட்டைப் பக்கம். விசா கேன்சல் ஆகி ஊருக்கே போகிறாராம். கோடையில் சைட்டில் மயங்கி விழுந்தவர், அதற்குப் பிறகு உடம்பு பழைய மாதிரி இல்லை, கம்பெனி போகச் சொல்லிவிட்டது. இதையெல்லாம் யாருக்கோ நடந்ததுபோல் சொன்னார். பிறகு, "இந்த ரேக்குல இருக்கறது யாரு செஞ்சதுன்னு கேட்டா சொல்லுவீங்களாமே" என்றார்.

இத்தனை நாளில் என் கேள்வியை என்னிடமே கேட்ட முதல் ஆள் அவர்தான். கூடையை எடுத்துக் கொடுத்தேன். மலையடிவாரத்துப் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, வெயில் தாழ்ந்த பிறகு பேசிக்கொண்டே பின்னியது என்றேன். "வெயில்ல நிக்க வெக்கலையே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். இல்லை என்றேன். வேறு எதையும் அவர் பார்க்கவில்லை.

"அப்ப இதக் குடுங்கக்கா. நெழல்ல செஞ்ச சாமான் ஒண்ணாவது எங்க வீட்டுல இருக்கட்டும்."

கோடவுன்

மரம் வந்தது. வாசலில் பிளாஸ்டிக் கிளையும் விளக்குமாக மினுங்கியது. சொன்ன சொல் தவறாத தாமஸ் சார் என்னையும் ரேக்கையும் கோடவுனுக்கு அனுப்பினார். நான் ரேக்கை நானே தள்ளிக்கொண்டு போனேன், ரஹீம் பாய் கதவைப் பிடித்தார். வேலையை விட்டுவிடு என்று வீட்டில் சொன்னார்கள். நான் ஏன் விட வேண்டும்? கஸ்டமர் டாய்லெட்டுக்குப் போகிற வழி கோடவுன் வாசல்தான். கதவை அகலத் திறந்து வைத்து, ரேக்கை அதற்கு நேராக நிறுத்தி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைகளில் புதுக்கோட்டைக்காரரோடு கேம்ப்பில் தங்கியிருந்த ஆட்கள் ஒருவர் இருவராக வந்து, நிழல் கூடை எது என்று கேட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தாமஸ் சாரே வந்தார். அவர் மனைவியும் பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ரேக் முன்னால் நின்று கூடையை எடுத்தார், வைத்தார், கயிற்றுப் பொம்மையைத் தடவினார். முன்னால் வாசலில் அத்தனை இருக்குதுங்களே சார், குருவிகூட இருக்குதுங்க என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்: "இது என்டெ வீட்டுக்கு, செல்வி. ஸ்டிக்கர் ஒட்டாத்தது எடு."

ஊருக்கு விற்கிற சரக்கும் தன் வீட்டுக்கு வாங்குகிற சரக்கும் வேறு வேறாக இருக்கிற வரைக்கும், என்னை எந்தக் கோடவுனுக்கு அனுப்பினாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன்.