முத்திரையோடு வந்த நன்னடத்தை

"...பின்னே என்ன அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளை. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்லா? நான் போயி இதுல 'ஆமா, ஆமா'ன்னு எழுதி வைக்கவா?"

என் மகளின் எட்டாம் வகுப்பு டீச்சர்தான் இப்படிக் கேட்டார். எனக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

அந்த ஒரு தாளுக்காக மூன்று வாரமாக அலைகிறேன். திருநெல்வேலி டாக்டர் மகளின் மறதிக்கும் விளையாட்டுப் புத்திக்கும் ஆங்கிலத்தில் நாலெழுத்துப் பேர் சொன்னார். கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறாக இருக்கலாமாம். ஆனால் வீடு, பள்ளி இரண்டிலும் அப்படித்தானா என்று தெரியாமல் முடிவு சொல்ல மாட்டேன் என்று எங்களுக்கு ஒரு தாள், டீச்சருக்கு ஒரு தாள் கொடுத்தார். பொருளைத் தொலைக்கிறாளா, வேலையைப் பாதியில் விடுகிறாளா என்று வரிசையாகக் கேள்விகள். இல்லை, எப்போதாவது, அடிக்கடி என்று மூன்று கட்டங்கள்.

டீச்சர் எல்லாவற்றுக்கும் 'இல்லை'யில் டிக் போட்டு, அடியில் 'நன்னடத்தை உள்ள மாணவி' என்று எழுதி, பள்ளி முத்திரையும் வாங்கி அனுப்பிவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, பள்ளியில் ஒரு குறையும் இல்லையே என்று புதுத் தாள் கொடுத்துத் திருப்பிவிட்டார்.

இதே டீச்சர்தான் வாரம் தவறாமல் என் புண்ணாக்குக் கடைக்கு ஆள் அனுப்பி, புகார் சொல்ல என்னைக் கூப்பிடுவார். ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைந்தது இந்த வருஷத்தில் நாலாவது தடவை என்பார். பரீட்சையில் முதல் பக்கத்தை முத்து முத்தாக எழுதிவிட்டு, மீதி நேரமெல்லாம் ஜன்னல் வழியே பருத்தி லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றார். வீட்டில் கண்டிப்பு இல்லை என்றும் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டுப் பிள்ளையை நான் அடித்துமிருக்கிறேன். அதையெல்லாம் எழுதுங்கள் என்றால் இப்போது நன்னடத்தையாம்!

"டீச்சர், நேத்து அவ என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதுப்பா, தீப்பெட்டி ஆபீசுக்கே போறேன்'ங்கா. கல்யாணத்துக்குப் பத்து வருசம் கிடக்கு. பத்தாங்கிளாஸுக்கு ரெண்டு வருசந்தான் கிடக்கு."

டீச்சர் புதுத் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார், மூடினார். மேஜை டிராயரைத் துழாவி ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரியாக வாசித்து, 'அடிக்கடி' கட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் டிக் போட்டுக்கொண்டே போனார். பேனாவால் போட்டால் என்ன டீச்சர் என்று கேட்டதைக் காதில் வாங்கவில்லை. கடைசி வரியை முடித்துவிட்டு, தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்தார். பிறகு பேனாவைத் திறந்து, பென்சில் கோடுகளின் மேலேயே ஒவ்வொன்றாக அழுத்திப் போட ஆரம்பித்தார்.