தேரி மணலில் தொள்ளாயிரம் முட்டை

கோமு அக்காவை நான் முதலில் பார்த்தபோது அவர் ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தார். தச்சநல்லூரில் அவர்கள் வீட்டு வாசலில், சாக்கை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டைக் கடைக்கார அம்மாவைத் தேடி வந்தேன் என்றேன்.

"நான்தான். ஒரு நிமிசம் நில்லுங்க, வாரேன்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அது 1995, தை மாதம். ஏழைப் பிள்ளைகளுக்காகப் பதினான்கு விடுதிகள் நடத்திய ஓர் அறக்கட்டளையில் நான் சாமான் அறை எழுத்தர். பாளையங்கோட்டை பாக்கியசீலன் என்றால் விடுதிச் சமையல்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க வேண்டும். பதினான்கு விடுதிகளில் பத்து, தார்ச்சாலை ஓரத்தில் இருந்தன. மிச்சம் நான்கும் திசையன்விளைக்குத் தெற்கே, உவரிப் பக்கம், தேரி என்று சொல்லும் செம்மணல் மேடுகளுக்குள்ளே. அங்கே போகும் முட்டை பாதிக்குப் பாதி உடைந்துதான் போய்ச் சேர்ந்தது. உடையாமல் கொண்டுசேர்க்க ஆள் தேடித்தான் நான் அலைந்துகொண்டிருந்தேன்.

கோமு அக்கா சைவ வேளாளர் குடும்பம். அந்த வீட்டு அடுப்பில் ஒருநாளும் முட்டை ஏறியதில்லை. அவருடைய வீட்டுக்காரர் திருஞானசம்பந்தத்துக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் பூர்வீக வயல் இருந்தது. அது பங்கு பிரிந்து, விலைபோய், கடைசியில் அவர் அப்பா வயல் சுற்றிப் பார்க்க வாங்கிய ஜீப் மட்டும் மிஞ்சியது. அவர் பார்த்துவந்த மில் வேலையும் போனபின், நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை லாரிகளிடம் வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். விசேஷ வீடுகளில் அவர்கள் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது.

அது போதாதென்று இன்னொரு சிக்கல். திருஞானசம்பந்தத்துக்கு வண்டி ஓட்டினால் தலை சுற்றும். கூலிக்கு வந்த டிரைவர்கள் ஆளுக்கொரு வேகத்தில் ஓட்டி முட்டையை நொறுக்கினார்கள். ஒருநாள் கோமு அக்கா சாவியை எடுத்துக்கொண்டார். கோடையில் வற்றிக் கிடந்த குளத்துக்குள் ஜீப்பை இறக்கி, இருபது நாள் தன்னந்தனியாகச் சுற்றினார். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில், நம்பாமல் இரண்டு தடவை பின்னால் எடுக்கச் சொன்னார்களாம். இரண்டு தடவையும் கோட்டைத் தொடாமல் எடுத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் உடனே சரி என்று சொல்லவில்லை.

"எம்புட்டு தூரம் தாரு, எம்புட்டு தூரம் சரளு, எம்புட்டு தூரம் மணலு? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. முட்டை விலையை மட்டும் கேட்டுவரச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். அக்கா எனக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து விளக்கினார்.

"நாமக்கல்லுல இருந்து வார லாரியில ஒருநாப் பகல் முழுக்க உக்காந்து வந்து பாத்தேன், சார். பாரம் ஏத்துன லாரி பைய அமுங்கும், பைய எந்திரிக்கும். ஒரு முட்ட உடையல. அதே லாரி பாதி எறக்கிட்டு கடைசி நாலு ஊருக்குப் போகுதுல்லா, அப்பம் குதிக்கும் பாருங்க! மேடு ஏற, பள்ளம் எறங்க ஜீப்புக்கு நல்ல வலு. ஆனா கட்டையான வண்டி. ரோட்டுல ஒவ்வொரு பாலத்துலயும் முதுகுல அடிக்கும். எந்த வண்டிக்கு எந்தத் தரைன்னு ஒண்ணு இருக்கு."

எங்கள் மேலாளர் கிருபைராஜிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பூதலிங்கம் அண்ணாச்சியும் இந்த வேலையைக் கேட்டு வந்திருந்தார். பாளையங்கோட்டையில் பெரிய மொத்த வியாபாரி. அப்போதுதான் பத்துப்பேர் உட்காரும் புது மாதிரி வண்டி ஒன்று வாங்கியிருந்தார். நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே குளிர்காற்று. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அதில்தான் முட்டை கொண்டுபோவதாகச் சொன்னார்.

"ரெண்டு பேரையும் ஒரே நாள் ஓட்டச் சொல்லும். ஆளுக்குத் தொள்ளாயிரம் முட்டை. தேரிக்குள்ள கடைசி விடுதி வரைக்கும். நீரே கூடப் போயி எண்ணும்" என்றார் மேலாளர்.

ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். ஆளுக்கு முப்பது அட்டை, அட்டைக்கு முப்பது முட்டை. திசையன்விளை வரை நான் அண்ணாச்சி வண்டியில். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்த மாதிரி சொகுசை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. மூலைக்கரைப்பட்டிக்கு அப்பால் சாலை மேடும் பள்ளமுமாக இருக்கும். பஸ்ஸில் போனால் பல் ஆடும். அண்ணாச்சி வண்டி அதன்மேல் தண்ணீரில் போவதுபோலப் போனது. நான் இட்டமொழி வருமுன்னே தூங்கிவிட்டேன்.

திசையன்விளையில் எண்ணினோம். இரண்டே முட்டைதான் விரிசல்.

அரை மணி நேரம் கழித்து ஜீப் வந்தது. அக்காவின் முகமெல்லாம் புழுதி. எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது போயிருந்தது. எல்லாம் பின்சக்கரத்துக்கு மேலே இருந்த அட்டைகள்.

"என்னம்மா இது, வழியிலயே ஆம்லெட்டு போட்டுட்டியளா?" என்று அண்ணாச்சி கேட்டார். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அக்கா கோபப்படவில்லை. "ரோட்டுக்கு ஒங்க வண்டிதான் அண்ணாச்சி. கண்ணால பாத்துட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இனி நீங்க என்கூட வாங்க சார்" என்றார்.

தார் முடிந்து சரள் கல் பாதையும் முடிந்தது. முன்னால் செக்கச்சிவந்த மணல், பனைகள், அங்கங்கே முந்திரிப் புதர்கள். அண்ணாச்சி வண்டி எங்களைத் தாண்டி ஹாரன் அடித்துக்கொண்டு மணலில் இறங்கியது. அக்கா ஜீப்பை நிறுத்தினார். இறங்கி ஒரு குச்சியால் டயரின் காற்றைப் பிடுங்கிவிட ஆரம்பித்தார்.

"என்னக்கா, பஞ்சரா?"

"இல்ல சார். டயர் வயிறு தள்ளணும். அப்பம்தான் மணல்ல மெதக்கும். காத்து நெறையா இருந்தா கத்தி மாதிரி உள்ள எறங்கிரும்."

நாலு டயரும் பாதி தளர்ந்தபின், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி கியர் மாற்றினார். கிளம்பியதிலிருந்து அவர் கால் பிரேக் பக்கம் போகவே இல்லை. வேகமும் இல்லை, நிற்கவும் இல்லை. ஏற்கெனவே வண்டிகள் போய் ஆழமாக விழுந்த தடத்தில் இறங்காமல், அதன் ஓரமாகவே திருப்பித் திருப்பிக் கொண்டுபோனார். தார்ச்சாலையில் முட்டையை நொறுக்கிய அதே ஜீப் மணலில் மெத்தையில் உருள்வதுபோல ஓடியது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உற்சாகத்தில் பின்னால் திரும்பி அட்டைகளைப் பார்க்கப் போய், என் முழங்கை பட்டு ஒரு முட்டை உடைந்தது.

"அது ஒங்க கணக்கு" என்றார் அக்கா, கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமலே.

ஒரு மைல் போவதற்குள் அண்ணாச்சி வண்டி நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்திருந்தன. அவர் விடாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மணல் வாரியடித்தது. வண்டி முன்னும் பின்னும் உதறி இன்னும் ஒரு சாண் இறங்கியது. அந்த வண்டியில் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். சொகுசுக்காகக் கனமாகவும் தரையோடு தாழ்வாகவும் செய்யப்பட்ட வண்டி. தன் குற்றம் எதுவும் இல்லாமல், தனக்கு ஒவ்வாத இடத்தில் அது மாட்டிக்கொண்டு நின்றது.

அக்கா அங்கே நிற்கவில்லை. "இங்கன நின்னா நாமளும் பொதஞ்சிருவோம்" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப்போய், மண் இறுகிக் கிடந்த ஒரு பனையின் அடிமூட்டில் நிறுத்தினார். பிறகு நடந்து திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, மிதிக்காதிய. அணைச்சிருங்க."

"கயிறு கெடக்கா? கட்டி இழும்மா!" அவர் சட்டை முழுக்க வேர்வை.

"இழுப்பேன். மொதல்ல முட்டைய எறக்கணும். குலுக்கி இழுத்தா ஒண்ணும் மிஞ்சாது. பிள்ளைகளுக்குப் போற முட்ட."

அவருடைய அட்டைகளை ஒவ்வொன்றாக நாங்கள் மூவரும் சுமந்து ஜீப்பில் ஏற்றினோம். எதிராளியின் சரக்கு அது. அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தாலும் யாரும் அக்காவைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விடுதியில் எல்லாவற்றையும் இறக்கினோம். மணல் பாதையில் அக்காவுக்கு உடைந்தது ஒன்றே ஒன்று. அதுவும் என்னுடையது. அண்ணாச்சியின் அட்டைகளில், அந்த உதறலிலேயே அறுபத்துமூன்று போயிருந்தது.

திரும்பி வந்து மணலை வாரி, சக்கரத்துக்கு அடியில் பனை ஓலைகளைச் செருகி, கயிறு கட்டினோம். அக்கா கயிறு விறைக்கும் வரை ஊர்ந்து, பிறகு ஒரே சீராக இழுத்தார். இரண்டாவது முயற்சியில் வண்டி மேலே வந்தது.

சரளுக்கு வந்ததும் ஜீப்பின் டயர்களுக்கு மறுபடி காற்று ஏற்ற வேண்டும். காலால் மிதிக்கும் பம்ப்தான் இருந்தது. அக்கா ஒரு டயர் முடித்து மூச்சு வாங்கினார். பூதலிங்கம் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பம்பை வாங்கினார்.

"தள்ளும்மா. நான் மிதிக்கேன்" என்றார். மூன்று டயருக்கும் அவர்தான் மிதித்தார்.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எண்ணிக்கையைப் படித்தேன். கிருபைராஜ் அக்காவைப் பார்த்து, "அப்போ பதினாலு விடுதியும் நீங்களே எடுத்துக்கிடுதியளா?" என்று கேட்டார்.

"இல்ல சார். ரோட்டுல அண்ணாச்சிக்கு ரெண்டு, எனக்குப் பத்தொன்பது. மறைக்க என்ன இருக்கு? பத்து விடுதிக்கு அவுகதான் சரி. மணலுக்குள்ள நாலையும் எனக்குக் குடுங்க. எனக்கும் ரோட்டுல உடையாம கொண்டுவர ஒரு வழி பாக்கணும். கொஞ்ச நாள் பொறுங்க."

அப்படியே முடிவானது. அண்ணாச்சி வெளியே வந்ததும் என்னிடம், "நான் அந்த எடத்துல இருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் வே" என்றார். அவர் அப்படி ஒத்துக்கொண்டதும் பெரிய காரியம்தான்.

ஆனால் நான் பெருமையோடு சொல்ல நினைப்பது இதற்குப் பிறகு நடந்தது. இரண்டு மாதம் அக்கா ஜீப்போடு மல்லுக்கட்டினார். வைக்கோல் போட்டுப் பார்த்தார், பழைய மெத்தை போட்டுப் பார்த்தார். உடைவது குறையவில்லை. ஒருநாள் திருஞானசம்பந்தம் சும்மா சொன்னார்: "கோமு, தொள்ளாயிரம் முட்டைன்னா என்ன, ஒரு ஆள் எடைகூட வராது. ஜீப்புக்கு அது காலி வண்டி மாதிரிதான்."

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பாரம் இறக்கிய லாரி குதித்த அதே கதை. கனம் ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கும். எந்தக் கனத்தை ஏற்றுவது? கல்லா, மண் மூட்டையா?

தேரிக்குள் அந்த நான்கு விடுதிகளிலும் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டுதான் குடிப்பார்கள். நான் எப்போதோ பேச்சுவாக்கில் அதைச் சொல்லியிருந்தேன். அக்கா தச்சநல்லூர் வீட்டுக் குழாயில் தாமிரபரணித் தண்ணீரைப் பெரிய பிளாஸ்டிக் கேன்களில் பிடித்தார். தளும்பினால் வண்டி ஆடும் என்று விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினார். நான்கு கேன்களை ஜீப்பின் தரையில் நடுவாக வைத்துக் கட்டி, மேலே பலகை போட்டு, அதன்மேல் முட்டை அட்டைகளை அடுக்கினார்.

அந்த வாரம் திசையன்விளையில் எண்ணியபோது நான்கு முட்டைதான் போயிருந்தது. நான் மறுபடி எண்ணினேன். நான்குதான். மணலில் கூடுதல் கனத்துக்குத் தக்கபடி டயரில் இன்னும் கொஞ்சம் காற்றைக் குறைத்தார். அவ்வளவே.

விடுதியில் கேனைத் திறந்ததும் பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் நின்றதை நான் பார்த்தேன். ஒரு சிறுமி குடித்துவிட்டு, "இது இனிக்குது டீச்சர்" என்றாள். முட்டையை யாரும் கவனிக்கவே இல்லை. அக்கா ஜீப்பின் மேல் சாய்ந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று திரும்பும் வழியெல்லாம் தனக்குள் ஏதோ பாடிக்கொண்டே ஓட்டினார்.

1998இல் அறக்கட்டளை சொந்தமாக ஒரு வண்டி வாங்கத் தீர்மானித்தது. கிருபைராஜ் என்னையும் அக்காவையும் கடைக்கு அழைத்துப் போனார். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் மேலாளரைப் பார்த்தே பேசினார். "சார், இது ரோட்டுலயும் போகும், காட்டுலயும் போகும்."

"ரெண்டுல எதுல நல்லாப் போகும்?" என்று அக்கா கேட்டார்.

விற்பனையாளர் மறுபடி மேலாளரைப் பார்த்தார். மேலாளர், "எங்ககிட்ட அதச் சொல்ல வேண்டிய ஆளு அவுகதான். சாவிய அவுக கையில குடுங்க" என்றார்.

இரண்டு வண்டிகளைக் கேட்டு வாங்கி, பின்சக்கரத்துக்கு மேலே வண்டிக்கு ஓர் அட்டை முட்டை வைத்து, வண்ணார்பேட்டைப் பக்கம் சாலையில் ஓட்டினார். ஆற்றங்கரை மணலில் இறக்கினார். விற்பனையாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். திரும்பி வந்து அரைப் பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார் அக்கா. ஒரு வண்டி சாலையில் சுகம், மணலில் ஆகாது. மற்றது சாலையில் கொஞ்சம் தூக்கிப் போடும், பாரம் வைத்தால் அடங்கும், மணலில் புதையாமல் ஓடும். நமக்கு ஆபத்து வருவது மணலில்தான், ஆகவே இரண்டாவதை வாங்கலாம் என்று எழுதியிருந்தார். அப்படியே வாங்கினோம்.

அந்தக் காகிதம் இன்றும் என் கோப்பில் இருக்கிறது. அடியில் தெளிவான கையெழுத்து: கோமு திருஞானசம்பந்தம், ஓட்டுநர்.