நட்சத்திரம் மறையும் ஆறு விநாடிக்காக 74 கிலோமீற்றர்

கடந்த நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு சிறுகோளின் நிழலைப் பிடிக்க ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியிலிருந்து வடக்கே போனோம். நானும் மனைவி சுகந்தியும், எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருக்கும் ஹெல்காவும். ஹெல்கா ஜேர்மன்காரர், வயது எழுபத்தெட்டு, ஓய்வுபெற்ற வானியலாளர். இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்கள் நாங்கள் விட்ட பிழைகளையும் சேர்த்தே வாசியுங்கள்.

ஏன் போனோம் என்று முதலில் சொல்லவேண்டும். இருபத்தாறு வயதில், ஜேர்மனியில் ஒரு வானாய்வகத்தில், இதே சிறுகோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போனதை ஹெல்கா பார்த்தார். நட்சத்திரம் அணைந்தது, திரும்ப வந்தது. சில விநாடி கழித்து இன்னொரு தடவை கண நேரம் அணைந்தது. அப்படியென்றால் அந்தச் சிறுகோளுக்கு ஒரு நிலா இருக்கவேண்டும். அவருடைய பேராசிரியர் கேட்டது ஒரே கேள்விதான்: "கண் இமைத்தாயா?" அறிக்கையிலிருந்து இரண்டாவது மறைவை வெட்டிவிட்டார்கள்.

பிறகு கனடா வந்து, நாற்பது வருடம் படிப்பித்துக்கொண்டே சிறுகோள்களின் பாதைகளைக் கணித்தார். இந்த ஒன்றின் நிழல் மட்டும் ஒவ்வொரு முறையும் கடலிலோ முகிலிலோ விழுந்து அவருக்குப் போக்குக் காட்டியது. இப்போது அவருக்கு நடுப்பார்வை போய்விட்டது, ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். அன்று இரவு 7:12க்கு அது ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்; ரொறொன்ரோவுக்கு வடக்கே ஒரு ஒடுங்கிய பட்டியில் அந்த நிழல் விழும். இந்த முறையும் தவறினால் அவர் ஆயுளில் இன்னொன்று இல்லை.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன். வேலை முடித்து 4:40க்கு வெளிக்கிட்டோம். 48ஆம் இலக்க வீதியில் பெஃபர்லோ என்ற ஊரைத் தாண்டி ஒரு தேவாலயத்தின் வாகனத் தரிப்பிடம், 74 கிலோமீற்றர். சாதாரணமாக ஒன்றேகால் மணித்தியாலம் போதும். அன்று மார்க்கம் நகரைத் தாண்டும்வரை வாகனங்கள் ஊர்ந்தன. அதற்குமேல் பனி தூறத் தொடங்கியது.

"இஞ்சேருங்கோ, மேல பாருங்கோ. ஒரு வெள்ளியும் தெரியேல்லை," என்றாள் சுகந்தி.

"நான் ரோட்டைப் பாக்கிறதோ வானத்தைப் பாக்கிறதோ?" என்று எரிந்து விழுந்தேன்.

6:47க்குப் போய்ச் சேர்ந்தோம். பூச்சியத்துக்குக் கீழே ஏழு பாகை, முகத்தில் அறையும் காற்று. நல்லகாலம், நட்சத்திரம் இருந்த கிழக்குப் பக்கம் முகில் விலகியிருந்தது. தொலைநோக்கியை நிறுத்தி, கமெராவையும் மடிக்கணினியையும் பூட்டினோம். கமெராதான் வேண்டும் என்று ஹெல்கா பிடிவாதமாக இருந்தார். கதை தெரிந்த ஆளின் கண்ணை நம்பமுடியாது என்பது அவருடைய கட்சி. கதை எங்கள் இருவருக்கும் தெரியும்.

7:05க்கு, குளிரில் பற்றரி செத்து, மடிக்கணினி இருண்டது. இரண்டு தரம் முயன்றோம். அசையவில்லை. 7:08க்கு ஹெல்கா கமெராவைக் கையால் தடவிக் கழற்றிவிட்டு, பார்க்கும் வில்லையைப் பொருத்தினார்.

"இனி நீங்கள்தான்," என்றார் என்னிடம் ஆங்கிலத்தில். "மறைந்தால் சத்தம் போடுங்கள். வந்தாலும் போடுங்கள்." நேரக்குறி ஒலிக்கும் சின்ன வானொலிக்குப் பக்கத்தில் என் தொலைபேசியைப் பதிவில் வைத்தார்.

"காத்து கண்ணில அடிக்குது," என்றேன்.

"நான் மறைக்கிறன். கண்ணைத் திறந்து வைச்சிருங்கோ," என்று சுகந்தி தன் சால்வையை விரித்து எனக்குக் காற்று மறைத்தாள்.

7:12. தொலைநோக்கியில் அந்த நட்சத்திரப் புள்ளி அணைந்தது. "போச்சு!" என்று கத்தினேன். ஆறு விநாடி. "வந்திட்டுது!" கண்ணில் நீர் கட்டியது. இன்னும் சில விநாடி போனது. "போச்சு... வந்திட்டுது!"

ஹெல்கா வானொலியை நிறுத்தினார். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் கேட்டார்: "கண் இமைத்தீர்களா?"

இல்லை என்று சொல்லத்தான் மனம் துடித்தது. ஐம்பது வருடமாக அவர் காத்திருந்த சொல் அது. ஆனால் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "இமைத்திருக்கலாம்," என்றேன்.

அறிக்கைத் தாளில் தடித்த பேனையால் பெரிய எழுத்தில் அவர் தானே எழுதினார்: முதல் மறைவு, உறுதி. இரண்டாவது, சந்தேகம். கீழே கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது சுகந்தி தமிழில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இமைக்கேல்லை எண்டு சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்? ரண்டு தரம் கத்தினீங்கள்தானே. பாவம் அந்த மனிசி." எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பெற்றோலுக்கு 24 டொலர், கோப்பிக்கு 9. மாலையில் போவதானால் மூன்றரை மணித்தியாலம் முன்பே வெளிக்கிடுங்கள். தரிப்பிடத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மடிக்கணினியைக் கடைசி நிமிடம்வரை போர்வைக்குள் சுற்றி வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு பேர் பாருங்கள். ஹெல்காவின் பையில் நல்ல இருகண் நோக்கி ஒன்றும் அதற்கான தாங்கியும் இருந்தன. கண்ணாடியே போடாத சுகந்தி பக்கத்தில் சால்வை பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பட்டியில் வேறு இடங்களில் காத்திருந்தவர்களுக்கு முகில் மூடிவிட்டதாம்.

வெள்ளிக்கிழமை காலை லிஃப்ரில் ஹெல்காவைக் கண்டேன். அறிக்கையை எழுதியபடியே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். ஒன்பதாம் மாடியில் இறங்கியவர், கதவை ஒரு கையால் மறித்துக்கொண்டு திரும்பினார்.

"அறிக்கைக்கு இல்லை, எனக்குச் சொல்லுங்கள். என்ன தெரிந்தது?"

"இரண்டு தரம் அணைந்தது," என்றேன்.

"இருபத்தாறு வயதில் எனக்கும் அப்படித்தான்," என்றார்.