காய் போட்ட நாளில் நிற்கும் ஃபிரிட்ஜ்

மெக்கானிக் வீட்டுக்குள் கால் வைத்ததும் ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்துவிடும். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு ஐடிஐயில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் போய் நிற்பீர்கள். அது பாட்டுக்கு ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர்கள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நீங்கள் வாசல் தாண்டியதும் நின்றுவிடும்.

போடியில் இத்தனை வருடமாக ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறேன். என் உயிரை அதிகமாக வாங்கியது போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலக்காய்த் தோட்டத்து வீட்டில் இருந்த டபுள் டோர் ஃபிரிட்ஜ். அது கல்யாணச் சீராகப் போனது. சிலமலையில் விவசாயம் பார்க்கிற, என்னை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகிய பாண்டி தன் மகள் கனகாவை அந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார். கடைக்கு அவரோடு போய், "இதை எடுங்க, பத்து வருசத்துக்குக் கவலையில்ல" என்று கைகாட்டியவன் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

1. ரிலே

கல்யாணமான சில மாதங்களில் கனகா போன் செய்தாள்.

"பெரியப்பா, ஃபிரிட்ஜு டக்குன்னு ஒரு சத்தம் போட்டு நின்னுருது. கொஞ்ச நேரங்கழிச்சு ஓடுது, மறுபடி நின்னுருது. பாலெல்லாம் திரிஞ்சு போச்சு. அத்தை ஒரே ஏச்சு."

"நாளைக்கே வர்றேன் தாயி" என்றேன். அவளுக்குப் பின்னால் மாமனாரின் குரல் கேட்டது. "காய் போட்டிருக்கோம்ல. சோலி முடியட்டும், அடுத்த வாரம் வரச் சொல்லு."

காய் போடுவது என்றால், பறித்த ஏலக்காயை ஸ்டோர் என்கிற உலர்கூடத்தில் வைத்து உலர்த்துவது. விறகை எரித்து, சூட்டைக் குழாய் வழியாக அறைக்குள் விட்டு, இரவு பகலாகக் காய வைப்பார்கள். அந்த நாட்களில் வெளியாள் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். காய்க்குக் கண் பட்டுவிடுமாம். என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் நான் ஏன் ஸ்பேனர் பிடிக்கிறேன்? சரி, அவர்கள் வீடு, அவர்கள் காய் என்று அடுத்த வாரம் போனேன்.

ஃபிரிட்ஜ் ஹாலின் மூலையில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. பிளாஸ்டிக் உறையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. கதவில் சந்தனம், குங்குமம். ஓடிக்கொண்டிருந்தது. வோல்டேஜ் பார்த்தேன், சரியாக இருந்தது. கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி கம்ப்ரசர் எவ்வளவு ஆம்ப்ஸ் இழுக்கிறது என்று பார்த்தேன், அதுவும் சரி. கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற ரிலேயைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஏறி வந்ததற்காகப் புது ரிலே ஒன்றைப் போட்டேன்.

கனகாவின் மாமியார் இடுப்பில் கைவைத்து நின்றார். "நல்லாத்தான ஓடுது. என்னத்த ரிப்பேரு பாத்தீக?"

பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

2. தெர்மோஸ்டாட்

அடுத்த முறை காய் பறித்துப் போட்டபோது மறுபடி போன். அதே டக், அதே ஏச்சு. பின்னால் அதே குரல்: "காய் போட்டிருக்கு, சோலி முடியட்டும்."

சோலி முடிந்து போனேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மஞ்சு இறங்கி, வண்டி முன்சக்கரமே கண்ணுக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் ஃபிரிட்ஜ் ஐஸ் கட்டுகிற அளவுக்கு ஓடுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபிரிட்ஜை நாலு அறை அறையலாம் போலிருந்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ஸ்டெபிலைசரை மாற்றினேன். கேஸ் அளவு பார்ப்பதென்றால் செம்புக் குழாயில் வால்வு வைத்து கேஜ் மாட்ட வேண்டும். நன்றாகக் குளிர்ந்துகொண்டிருக்கிற ஃபிரிட்ஜின் குழாயில் ஓட்டை போடுகிற மடத்தனத்தை நான் செய்வதில்லை. நீங்களும் செய்யாதீர்கள்.

மாமியார் என்னிடம் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார். "பழசுக்குப் பாலீசு போட்டு நம்ம தலையில கட்டிட்டாக. மக எப்படியோ சீரும் அப்படித்தான்."

கனகா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "பெரியப்பா, அது இருக்குற எடந்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ போயி காப்பித்தண்ணி கொண்டா" என்றார் மாமியார்.

அவள் போய்விட்டாள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. ஜீப்பு

அடுத்த முறை போன் வரவில்லை. பாண்டியே என் கடைக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, ஃபிரிட்ஜையும் பிள்ளையையும் ஒண்ணா ஜீப்புல ஏத்தி அனுப்புறாகளாம். நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்தா அதோட சேந்து பிள்ளையும் மேல வரட்டும்னு சொல்லிட்டாக. அப்படி இறங்கி வந்தவ திரும்ப ஏறுவாளாண்ணே? நான் ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்?"

"எப்ப நின்னுச்சாம்?"

"நேத்துல இருந்து. காய் போட்ட நேரம், எல்லாரும் சோலியா இருக்காக, இதுல இது வேறன்னு மாமியா கத்துச்சாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் ஃபிரிட்ஜ் நின்றது காய் போட்ட நாளில். ஒவ்வொரு தடவையும் நான் போனது காய் எடுத்த பிறகு. காய்ச்சல்காரனைக் காய்ச்சல் விட்ட பிறகு கொண்டுவந்து காட்டினால் எந்த டாக்டரால் என்ன சொல்ல முடியும்?

"நீங்க இங்கயே இருங்க" என்று பாண்டியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அங்கே முற்றத்தில் ஜீப் நின்றது. கனகாவின் புருஷன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். படியில் கனகாவின் பை. வீட்டை ஒட்டிய ஸ்டோரிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது.

மாமனார் குறுக்கே வந்தார். "ஏப்பா, காய் போட்டிருக்கு. இன்னைக்கு உள்ள வரக் கூடாது."

"உங்க காய நான் ஏறெடுத்தும் பாக்கலங்க. நல்லா ஓடுறப்பயே வா, வான்னா நான் வந்து என்னத்தப் பாக்க? அது கெட்டுக் கிடக்குறப்ப ஒரு தடவ பாத்துக்கிறேன். அப்புறம் நீங்க எதை வேணாலும் ஏத்தி அனுப்புங்க."

வாடிக்கையாளரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் விலகிக்கொண்டார்.

ஃபிரிட்ஜ் நின்றுதான் இருந்தது. கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டியது. குனிந்து கம்ப்ரசரைத் தொட்டேன், தோசைக்கல்லாகக் கொதித்தது. எழுந்திருக்கச் சுவரில் கை ஊன்றியவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். சுவரும் கொதித்தது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஸ்டோர். சூட்டுக் குழாய் அதை ஒட்டித்தான் போகிறது. பையிலிருந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்து அந்தச் சுவரில் காட்டினேன். ஐம்பது டிகிரியைத் தாண்டி நின்றது. எதிர்ச் சுவரில் காட்டினேன், இருபத்திரண்டு. மாமனாரைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன்.

"ஃபிரிட்ஜு உள்ள இருக்குற சூட்ட எடுத்து வெளிய தள்ளணும். வெளிய நீங்க அடுப்பு வச்சிருக்கீக. அது எங்க தள்ளும்? கம்ப்ரசர் கருகிடாம இருக்க ஓவர்லோடுன்னு ஒரு காவல் சுவிட்சு கரண்டக் கட் பண்ணுது. அந்த டக்குச் சத்தம் அதான். பொருள்ல குத்தம் இல்ல. சமையக்கட்டுல வைங்க, ஓடும்."

மாமியார் முகம் சுருங்கியது. "சமையக்கட்டுல வச்சா வர்றவுகளுக்கு எப்படித் தெரியும், மருமக வீட்டுல ஃபிரிட்ஜு குடுத்தாகன்னு?"

எனக்குத் தலை சுற்றியது. இவ்வளவு நாளும் ஓட்டை ஃபிரிட்ஜ் என்று மலை முழுக்கச் சொன்னவர் இவர்தான். அதை ஊர் பார்க்க ஹாலில் வைக்க வேண்டும் என்பவரும் இவர்தான். இதற்கு எந்த மீட்டரை மாட்டுவது?

கனகா வந்து பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துத் தரையில் வைத்தாள்.

"பெரியப்பா, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

நாங்கள் இருவரும் நகர்த்துவதைப் பார்த்து அவள் புருஷன் துணியை ஜீப் மேல் போட்டுவிட்டு உள்ளே வந்து கை கொடுத்தான். சமையலறையில் ஸ்டோருக்கு எதிர்ப்பக்கச் சுவரில், பின்னால் ஒரு சாண் இடம் விட்டு வைத்தோம். கம்ப்ரசர் ஆறும்வரை காத்திருந்து பிளக்கைச் சொருகினேன். ஓடியது. பக்கத்தில் ஸ்டோர் எரிந்துகொண்டே இருக்க, சாயந்திரம்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு டக் சத்தம் இல்லை. கனகா ஐஸ் டிரேயைத் தட்டி மாமனாருக்குத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தாள். குளிரில் ஐஸ் தண்ணீர் யாருக்கு வேண்டும்? ஆனால் அவர் வாங்கிக் குடித்தார்.

"இதை மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு ரோதனை இருக்காதுல்ல" என்றார் மாமியார், என்னைப் பார்த்து.

"அது வந்து இறங்குன அன்னைக்கே நான் சொன்னேனே அத்தே" என்றாள் கனகா. "அந்தப் பக்கம் ஸ்டோரு இருக்கு, சுவரு சுடும், உள்ள வைப்போம்னு."

அவள் போய்ப் படியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். சோலி முடியட்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கெட்டுக் கிடக்கிறபோதே போய்ப் பாருங்கள். போனால் மீட்டரை எடுக்கும் முன், அந்த ஃபிரிட்ஜ் கதவை அதிகம் திறந்து மூடுகிறவரிடம் முதலில் கேளுங்கள்.

மலை பாதி இறங்கியிருப்பேன், போன் அடித்தது. மாமியார்.

"மெக்கானிக்கு, ஹால்ல அந்த மூலை வெறிச்சுன்னு கிடக்கு. அங்க ஒரு வாசிங் மெசினு வச்சா எடுப்பா இருக்கும். கனகா அப்பாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"அந்தச் சுவத்துல வாஷிங் மெஷினும் ஓடாதுங்க" என்றேன். "சூட்டுல மோட்டார் கருகிப் போகும். டிவியும் ஆகாது. அந்த மூலையில கரண்டுல ஓடுற எதுவுமே ஆகாது."

"அப்படியா சங்கதி" என்று வைத்துவிட்டார்.

அந்தச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் வாஷிங் மெஷின் ஆயுசுக்கும் ஓடும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.