வளையலைக் கழற்றிவிட்டுத்தான் பானட்டைத் திறப்பேன்

பழைய காருக்கு வயரிங் பார்க்கிற தொழிலில் ஷாக் அடிக்கும் என்று பலபேர் பயப்படுகிறார்கள். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஷாக் அடிக்காது, சுடும்.

வேங்கிக்கால் பக்கத்தில் எங்கள் ஷெட், அதை ஒட்டியே வீடு. இன்ஜின் வேலை என் வீட்டுக்காரர், வயரிங் நான். எட்டாவது வரைதான் படித்தேன். இந்த வேலை அவரிடம் கற்றது. பிள்ளைகள் இரண்டு பேரும் சம்பாதிக்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள். காலையில் அண்ணாமலையார் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, விபூதி இட்டு, வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவேன். தாலி மஞ்சள் கயிற்றில் ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக இருக்கும். அப்புறம்தான் பானட். நகையும் போட்டுக்கொண்டு கைவேலையும் செய்கிற என் சகோதரிகளே, இதற்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. மகன் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

வாட்ச்

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது என் வீட்டுக்காரரின் ஸ்டீல் வாட்ச். ஒரு பழைய அம்பாசடரில் பேட்டரி வயரைக் கழற்றாமல், ஒரு நட்டுதானே என்று கையை உள்ளே விட்டார். வாட்ச் பட்டை ஒரு பக்கம் பேட்டரி முனையில் பட்டது, மறுபக்கம் பாடியில் பட்டது. பழைய காரோ புதுக் காரோ, பாடி முழுக்கவே பேட்டரியின் இன்னொரு முனைதான். அவருக்குத் தெரியாததா? பட்டை அப்படியே பழுத்துச் சிவந்துவிட்டது. அலறிக்கொண்டு உதறினார். தோலும் சேர்ந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது நான் "அருணாசலா, அருணாசலா" என்று அழுதுகொண்டிருந்தேன். அவர் என் கையையே பார்த்தார். "அழுவாத. என் வாட்சாவது மெல்லிசு, உன் வளையல் அதவிட கெட்டி. யோசிச்சுக்கோ."

சூடம்

அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற பழைய காரைக் கொண்டுவந்தார். வேலை முடிந்தது. பேட்டரியை அப்போதுதான் சார்ஜ் ஏற்றி மாட்டியிருந்தேன், கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் வாசனை வேறு. மனுஷர் சந்தோஷத்தில் தட்டில் சூடம் வைத்து, திறந்த பானட்டுக்கு முன்னால் தீப்பெட்டியை எடுத்தார். பிடுங்கிவிட்டேன். சார்ஜ் ஏறின பேட்டரியிலிருந்து வருகிற வாயு கண்ணுக்குத் தெரியாது. நெருப்புப் பட்டால் வெடிக்கும், ஆசிட் முகத்தில்தான் வந்து விழும்.

"பானட்ட மூடுங்க. வண்டிய ரோட்டாண்ட தள்ளிக்கினு போயி மலையப் பாத்து காட்டுங்க. நானே வந்து பாட்டும் பாடறேன்" என்றேன். பாடவும் செய்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டே முணுமுணுத்தார்: "நெத்தி நெறைய விபூதியும் பூசிக்கினு, சூடம் ஏத்தாதன்னு தீப்பெட்டிய புடுங்கற பொம்பளைய இப்பத்தாங்க பாக்கறேன்."

மூளிக்கை

என் பெரிய நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் என் கையைத்தான் பார்ப்பார். "என் தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நீ எதுக்கும்மா மூளிக்கையோட நிக்கற?"

எனக்குச் சத்தம் போட வராது. மெதுவாகத்தான் சொன்னேன்: "அக்கா, கை அண்ணாமலையார் குடுத்தது. வளையல் கடையில வாங்குனது. எது போனா திரும்ப வரும்?"

அதோடு விட்டாரா? மகனுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "அவங்க வர்ற அன்னிக்காவது கையில மாட்டிக்கினு லட்சணமா நில்லு. ஒன் பிடிவாதத்தால புள்ளைக்கு வந்த சம்பந்தம் போயிடப் போவுது."

சம்பந்தி

மத்தியானம் வருவதாகச் சொன்னவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மறுநாள் முகூர்த்தத்துக்குப் போகவேண்டிய அதே சூடக்காரர் வண்டி ஷெட்டில் நிற்கிறது, ஹெட்லைட் எரியவில்லை. பேட்டரியை மாட்டி, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தால், வாசலில் பெண்ணின் அம்மா என் வெறுங்கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அன்றைக்கென்றே வந்திருந்த நாத்தனார் ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்தார். "மொதல்ல மாட்டு" என்று பல்லைக் கடித்தார். மகன் தரையைப் பார்த்தான். அவனுக்கு மிகவும் பிடித்துப்போன பெண். மனசுக்குள் அண்ணாமலையாரைக் கூப்பிட்டுக்கொண்டு, டப்பாவை மூடி நாத்தனார் கையிலேயே கொடுத்தேன்.

"வாங்க, உள்ள உக்காருங்க, காபி சாப்பிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. பேட்டரி மாட்டியிருக்குது, இப்ப வளையல் போட மாட்டேன். கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித்தான்."

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "பொண்ணுக்கு எவ்ளோ நகை கேப்பாங்களோன்னு வழியெல்லாம் கவலைப்பட்டுக்கினு வந்தோம். மாமியாரே கழட்டி டப்பாவுல போட்டு வச்சிருக்கீங்க. நாங்க கொஞ்சம் கம்மியா போட்டா கோச்சிக்க மாட்டீங்களே, சம்பந்தி?"

கல்யாணம் முடிந்து மருமகளும் வந்துவிட்டாள். நான் இன்றும் முதலில் வளையலைக் கழற்றுகிறேன், அடுத்து பேட்டரியின் எர்த் வயரை, அதற்கு மேலும் யாராவது பேசினால் என் காதையும் கழற்றி அதே டப்பாவில் போட்டுவிடுகிறேன்.