உலகம்மாளுக்குப் போட்ட போர்வை

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என் கண்முன் நடந்ததைத்தான் எழுதுகிறேன். அதுவும் பட்டப்பகலில், நூறு பேர் நடுவில். பயம்கூடக் குறைந்துவிட்டது. ஆத்திரம்தான் அடங்கவில்லை.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சீவலப்பேரி சாலையில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில், ஓர் அறக்கட்டளையின் 'முதியோருக்குத் துணை' விழா. படம் எடுக்க என்னைக் கூப்பிட்டவர் அதன் செயலாளர் கிளமென்ட் அண்ணாச்சி. அக்கினி நட்சத்திர வெயிலில் கம்பளிப் போர்வை கொடுத்தார்கள். புத்தி எங்கே போயிற்றோ!

அதைவிடக் கேவலம், சிறப்பு விருந்தினர் போர்த்துவார், நான் கிளிக் செய்வேன். வாங்கியவர் பக்கவாட்டுக் கதவைத் தாண்டியதும் ஒருவர் போர்வையை உருவிப் பெட்டியில் போடுவார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"படத்துக்குத்தாம்லே. நாளைக்கு அம்பாசமுத்திரம் விழாவுக்கும் இதே போர்வைதான் வேணும்லா. நீ உன் சோலியப் பாரு."

பார்த்தேன். என் மேலும்தான் எனக்குக் கோபம்.

மணி 3:52. கடைசியாக ஓர் ஆச்சி வந்தார். அடிமேல் அடி வைத்து நடந்தார். கால் பெருவிரலில் வெள்ளைத்துணி சுற்றியிருந்தது. புண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். விருந்தினர் என் லென்ஸைப் பார்த்துச் சிரித்தபடியே போர்த்தினார். யாருக்குப் போர்த்துகிறோம் என்று திரும்பக்கூட இல்லை.

கேமரா திரையில், ஆள் முகத்தைக் கண்டால் விழும் பச்சைக் கட்டம் விருந்தினர் முகத்தில் விழுந்தது. ஆச்சி முகத்தில் விழவில்லை...

"எய்யா, இது கோடியா?"

எங்கள் ஊரில் புதுத்துணியைக் கோடி என்பார்கள்.

"ஆமா ஆச்சி, புதுசுதான்."

"எனக்குப் போட ஆளில்லையேன்னு கெடந்தேன். மாஞ்சோலை எஸ்டேட்ட விட்டு எறங்குனதும் ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டாவ... குளிருதுய்யா."

கதவைத் தாண்டிப் போனார். உருவ நின்றவர் கை நீட்டியபடியே நின்றார்.

"கடைசி ஆளு வரலியே?" என்றார்.

படத்தைப் பார்த்தேன். விருந்தினரின் இரண்டு கைகள். நடுவில் ஆளில்லை.

போர்வையும் இல்லை...

பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த இல்லத்துப் பணியாள் முத்துராணியிடம் ஓடினேன். அடையாளம் சொன்னேன். அவர் கையிலிருந்த சேலை நழுவியது.

"உலகம்மாளா? காலம்பற அஞ்சே காலுக்கே செத்துப்போச்சுய்யா. பெருவிரலை நாந்தான் கட்டுனேன். விழா முடியட்டும்னு பொறவாசல் ரூம்புல பூட்டிப் போட்டிருக்காவ."

அப்போதுதான் உறைத்தது. செத்தவர்களுக்குப் பிறந்த வீட்டார் போடுகிற துணியும் கோடிதான்.

5:40. பூட்டைத் திறந்தார்கள். சாவி அதுவரை கிளமென்ட் சட்டைப்பையில்தான் இருந்தது.

உலகம்மாள் படுத்திருந்தார். கழுத்துவரை புதுக் கம்பளி.

பாவி கிளமென்ட், அதையும் உருவினார். கையைப் பிடித்தேன். தள்ளிவிட்டார். மடித்துப் பெட்டியில் போட்டார். வண்டி கிளம்பியது.

மறுநாள் அம்பாசமுத்திரத்தில் படம் எடுத்தவன் என் நண்பன் ஜெய்சன். சாயங்காலம் 6:20க்குப் போன் செய்தான்.

"எட்வினு, ஒரு ஆச்சி எல்லாப் படத்துலயும் விழுந்திருக்குவே. போர்வைப் பெட்டிக்குள்ள தலையக் குடுத்து என்னத்தையோ தேடுது... எடுக்கும்போது அங்கன யாருமே இல்லவே."